சாயமிடாத குழாய்

டர்பனில் இரவு எட்டு மணி மின்வெட்டு.
ஜெனரேட்டர் செருமிக்கொண்டு எழும்வரை
ஆய்வகம் இருட்டு.
எனக்கு நல்லதுதான்.
வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும் பண்டம் இது.
அலுமினியத் தாள் சுற்றி
ஐஸில் நட்டு வைத்திருக்கிறேன்
பதினொரு குழாய்களை.

மெரிபேங்க்காரர் ஒருவரின் நெஞ்சுக்குள்
உப்புநீர் விட்டு உறிஞ்சியது, காலையில்.
பெயர் எங்களிடம் வராது. எண் நாற்பத்தேழு.
ஐந்து மாத இருமல் என்று
நோம்தாண்டாசோவின் கையெழுத்து.

இவருடைய மேக்ரோபேஜ்களை எண்ண வேண்டும்.
வெறும் கண்ணுக்கு எல்லாச் செல்லும் ஒரே கலங்கல்.
அதனால்தான் ஆன்டிபாடி, அதன் முதுகில் ஒரு சாயம்:
சிடி இருநூற்றாறுக்குப் பச்சை,
சிடி பதினான்குக்குச் சிவப்பு.
பூட்டுக்கேற்ற சாவி என்பார்கள் வகுப்பில்.
இந்தத் தீனிப்பண்டாரம்
எந்தச் சாவி போனாலும் வாலைப் பிடிக்கும் என்று
சொல்லித்தரவில்லை.
சாயமில்லாத ஆன்டிபாடி கொஞ்சம் கொடுத்து
முதலில் வாயடைக்க வேண்டும்,
பந்தி தொடங்குமுன் பிள்ளை கையில்
அப்பளம் கொடுப்பதுபோல.

லேசர் எழுந்தது.
கூட்டமாக வந்தவை
நூல்போன்ற நீர்த்தாரையில் ஒற்றை ஒற்றையாக
நீல ஒளியைக் கடக்கின்றன.
கடந்த ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு புள்ளி.
புள்ளிகளைச் சுற்றி நான் போடும் கோட்டுக்கு
'கேட்' என்று பெயர்.

கேட்டோ மேனரில் அப்பாவின் வீட்டைச் சுற்றியும்
ஒருநாள் கோடு போட்டார்கள்,
நிறம் பார்த்துத்தான்.
இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில்
சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

முதலில் ஓடியது சாயமிடாத குழாய்.
இருட்டாக இருக்க வேண்டியது அது,
பூஜ்யம் எங்கே என்று காட்ட.

மினுங்கியது.

இடக்கோடியில் குவிய வேண்டிய மேடு
பச்சையில் பாதித் திரை தாண்டி நின்றது.
குழாய் மாறிவிட்டதா? மூடியில் எண் பார்த்தேன்.
மறுபடி ஓட்டினேன்.
அதே மேடு.

யாரும் தொடாமலே ஒளிர்கின்றன.
சுத்திகரிப்பு ஆலைப் புகையா,
கரும்புத் தோகை எரித்த கரியா,
சில்லறைக்கு வாங்கிய சிகரெட்டா,
இயந்திரம் சொல்லாது.
விழுங்கியிருக்கின்றன, செரிக்கவில்லை.

கையேட்டில் இதற்குப் பின்னணி இரைச்சல் என்று பேர்.
கழித்துவிடு என்கிறது.
கழித்தேன்.
பச்சைக்குப் பதில் தூரச்சிவப்பு கேட்டு
நாளைய பட்டியலில் எழுதினேன்.

படத்தை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.
நாற்பத்தேழு எங்கள் தெருவாகவும் இருக்கலாம்.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
விதிப்படி அடித்தேன்:
நாற்பத்தேழு. சாயம் எதுவும் இல்லை.