ஆகஸ்ட் மாத நில அளவை

அளந்தவர்கள் ஆகஸ்டில் வந்தார்கள்.
முக்காலிக் கருவியும் ஆரஞ்சுச் சட்டையுமாய்
நாற்பத்திரண்டு ஏக்கரை இரண்டே நாளில்
தாளுக்குள் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
மேப்பிள் மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம்.
சாக்கடை மூடிக்கும் ஓர் எண்.
வடக்கு வாகன நிறுத்தத்தில் மட்டும் ஒன்றுமில்லை.
‘தார், சமதளம்’ என்றது குறிப்பு.

அங்கேதான் அறிவியல் கூடம் என்று
அறங்காவலர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.
கண்ணாடி முகப்பு, மூன்று மாடி,
வாசலில் பொறிக்க ஒரு குடும்பப் பெயர்.
என் வேலை
அந்த முடிவுக்குக் காரணங்கள் வரைவது.

மெய்ன் மாநிலத்தில் அரசு பணம் வாங்காத பள்ளி
கட்டடத்தைக் காட்டித்தான் பிழைக்க வேண்டும் என்று
நிதி அலுவலர் ப்ரூடன்ஸ் ஹேஸ்கல் சொன்னபோது
நான் மறுக்கவில்லை.
என் சம்பளமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

ஆனாலும் வழக்கப்படி
பெரிய படத்தைச் சாப்பாட்டு அறைத் தரையில் விரித்து
பிள்ளைகள் கையில் ஒட்டுப் பொட்டுகள் கொடுத்தேன்.
பச்சை: இங்கே இருக்கப் பிடிக்கும்.
சிவப்பு: இங்கே பயம்.
சிவப்பு எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்,
எந்தப் பள்ளியிலும் அது உடை மாற்றும் அறைதான்.
பச்சைதான் குழப்பியது.
நூற்றுப் பதினேழு பொட்டுகள்
ஒன்றுமில்லாத தார் மீது
ஒன்றன்மேல் ஒன்றாய், பாசி பிடித்ததுபோல்.

“இங்கே என்ன இருக்கிறது?”
“மலை” என்றாள் இரண்டாம் வகுப்பு தெல்ஃபீன்,
இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்கிற பார்வையோடு.
அது அக்டோபர்.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
கார்கள் நின்றன.

ஜனவரியில் திரும்பிப் போனேன்.
விடியுமுன்னே வென்டெல் தீபடோ
பனிவாரி வண்டியால் பாதைகளை வழித்து வழித்து
வடக்கு மூலையில் குவித்துக்கொண்டிருந்தார்.
இருபத்தாறு குளிர்காலமாய் அதே மூலை.
“வேறெங்கே தள்ளுவது?” என்றார்.
பிறகு வண்டியை விட்டு இறங்கி
மண்வெட்டியின் முதுகால்
தெற்குச் சரிவைத் தட்டித் தட்டி வழவழப்பாக்கினார்.
அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பத்தரை மணி இடைவேளையில்
மலை இருந்த இடம் தெரியாமல் பிள்ளைகள்.
உச்சியில் யார், குகையில் எத்தனை பேர்
எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது,
எங்கும் எழுதாத, ஆறாம் வகுப்பு நடுவர்கள் காக்கும் சட்டம்.
உதவித்தொகையில் படிக்கும் பையனும்
பொறிக்கப்போகும் பெயரின் பேத்தியும்
ஒரே தட்டில் சறுக்கி ஒரே பள்ளத்தில் விழுந்தார்கள்.
இதிலிருந்து நீதி எதுவும் எடுக்க வேண்டாம்.
எழுந்ததும் தட்டு யாருடையது என்று
மூக்கில் ரத்தம் வர அடித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரிக் கூட்டத்தில்
கூடத்தைத் தொண்ணூறு அடி மேற்கே நகர்த்தினேன்.
அடியில் பாறை என்று காரணம் சொன்னேன்.
பாறை இருந்தது உண்மை.
அவ்வளவு பெரிய பாறை இல்லை.
வடக்கு மூலையில் புள்ளிக்கோட்டில்
சமஉயரக் கோடுகள் ஐந்து வரைந்து,
அடிவாரத்தில் உருகும் நீருக்கு ஒரு வடிகால் வைத்து,
எழுதினேன்:
‘மலை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை.’
“இதற்கு நன்கொடை யார்?” என்றார் ஒருவர்.
“வடகிழக்குக் காற்று.”
சிரித்தார்கள். வாக்கெடுப்பில் ஒரே ஒரு கை எதிராக.
யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது ஜூலை.
ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் இருக்கிறார்.
“ஏழாம் தாளில் ஒரு மலை இருக்கிறதே,
எத்தனை லோடு மண்?”

மண் வேண்டாம் என்கிறேன்.
அங்கே எதையும் நடாதீர்கள்,
விளக்குக் கம்பம்கூட.