லிட்டருக்குப் பதினெட்டாயிரம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஆனி பிறந்துவிட்டால்
விமானத்தை வெளியே இழுக்க முடியாது.
கொட்டகைக் கதவுக்குக் குறுக்கே ரெண்டு இரும்புப் பட்டை,
சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல்.
இனி புரட்டாசி வரைக்கும்
அது நிற்கும்; நாங்கள் குனிந்து கிடப்போம்.

பகலில் நான் காற்றாலைக்காரன்.
எண்பது மீட்டர் ஏணி ஏறி
பல்சக்கரப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றுகிறவன்.
அதனால்தான், தபாலில் வந்த சிவப்புக் கட்டியை
ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்ததும்
சிரிப்பு வந்தது.
உள்ளே ஒரு விசிறி.
சுண்டுவிரல் நகத்தில் பாதி.
ஊதினேன், சுற்றியது.
ஊதிய பிறகுதான் தாளைப் படித்தேன்:
ஊதக் கூடாது.

தாள் மேலும் சொன்னது.
கம்பிகள் மூன்றும் வானம் பார்க்க வேண்டும்.
உள்ளே வரும் குழாய் ஒரு சாண் தூரமாவது
வளையாமல் வர வேண்டும்.
வெளியே போவது கீழிறங்கக் கூடாது.
மரையில் வெள்ளை டேப் கூடவே கூடாது.

சுற்றிவிட்டிருந்தான் செல்வமோனி.
"பைப்புன்னா டேப்பு சுத்தணும்லா?"
பூதப்பாண்டிப் பக்கம் முக்கால்வாசிக் குழாய்
அவன் கைபட்டது; ஒன்றும் ஒழுகாது.
"அது தண்ணி, டேய்.
இதுல ஒரு நூலு பிய்ஞ்சி உள்ள போனா
விசிறி நின்னுரும்."
கழற்றினோம்.
மரைப்பள்ளத்துத் துணுக்கைக்
குண்டூசியால் கிள்ளிக் கிள்ளி
ஒரு ஞாயிறு போயிற்று.
அவன் பூசைக்கு வராததற்கு
அவன் வீட்டில் எனக்குத் திட்டு.

அடுத்து அளவு.
இறக்கைக்கு ஜாக்கி கொடுத்து மட்டம் பார்த்து,
டாங்கியில் முப்பது லிட்டர் அளந்து ஊற்றி,
கார்புரேட்டர் முனையைக் கழற்றிக்
கண்ணாடிக் குழாய் வழியே கேனுக்குள் விட்டோம்.
நாகர்கோவிலில் ராத்திரி டூட்டி முடித்து
யூனிபார்மோடு வந்தாள் லீமாறோஸ்.
பதினோரு வருஷமாய்ச் சொட்டு எண்ணுகிறவள்.
பம்பு ஓடியது.
"குமிழி வருது."
எனக்குத் தெரியவில்லை.
"வருது. பாரு."
வந்தது.
உறிஞ்சும் பக்கத்து நட்டு, கால் சுற்று.
நின்றது.

நாலு கேன் நிறைந்தது.
பெட்டி சொன்னது: இருபது போயிற்று.
கேன்கள் சொன்னது: இருபது.
மிச்சம் பத்து இருக்க வேண்டிய டாங்கியில்
குச்சியை விட்டேன்.
பதினாலு.
துடைத்துவிட்டு மறுபடி விட்டேன்.
பதினாலு.

நானே செதுக்கிய வேங்கைக் குச்சி.
நானே வெட்டிய கோடுகள்.
தோவாளைப் பூக்காரி முழம்போல
அதற்கென்று ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

"எங்க வச்சு கோடு போட்ட?" என்றான் செல்வமோனி.
இங்கேதான். இந்தத் தரையில்தான்.
அவன் பேசாமல் மட்டப்பலகையை எடுத்துத்
தரையில் வைத்தான்.
உள்ளிருந்த குமிழி
கிழக்கே ஓடி ஒட்டிக்கொண்டது.
மழைத்தண்ணி வழிய
கொத்தனார் விட்ட சரிவு.

போன தை மாசம்,
பின் சீட்டில் லீமாறோஸ்.
பொய்கை அணைக்கு மேலே ரெண்டு சுற்று,
அவளுக்காக மூன்றாவதாக ஒன்று.
தரிசில் இறங்கிக் குச்சியை விட்டபோது
ஆறு லிட்டர் என்றது.
தாராளம் என்றேன் அவளிடம்.

ஆறில் நாலு போனால் ரெண்டு.
மணிக்குப் பதினாறு குடிக்கும் இன்ஜின்.
செல்வமோனி விரல் மடக்கிப் பார்த்து,
"ஏழரை நிமிசம்" என்றான்.
ஏழரை என்றால் யாராவது சிரிப்போம்.
கொட்டகைத் தகரத்தைக்
காற்று அடித்துக்கொண்டிருந்தது.

லீமாறோஸ் குச்சியை வாங்கினாள்.
உடைப்பாள் என்று நினைத்தேன்.
காதருகே செருகியிருந்த பேனாவால்
அதன் மறுபக்கத்தில் தேதி எழுதினாள்,
கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில்
எழுதுவதைப்போல.

பிறகு கண்ணாடிக் குழாய்க்குக் கீழே
காலி கேனைத் தள்ளி வைத்து
வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.
"எல்லாத்தையும் திரும்ப ஊத்து.
முதல்ல இருந்து விடு.
நான் எண்ணுதேன்."