தூள்

பீல் நகரில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்.
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
மூன்றாவதை நாங்கள் வைத்துக்கொண்டோம்:
தமிழ்க்கடை ரோட்டு,
மணியத்தார் பனியில் சறுக்கின சந்தி.
இந்தக் கட்டடத்துக்கு மட்டும்
எங்கள் ஆட்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை.
"அங்க" என்பார்கள்.

அங்க, மூன்றாம் மாடி, செவ்வாய் இரண்டே கால்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
மணிக்கணக்கில் சம்பளம்.
விதி ஒன்றுதான்: கூட்டாதே, குறைக்காதே.

மேசைக்கு அந்தப் பக்கம் டொக்டர் எக்லி.
இந்தப் பக்கம் நவரத்தினம் ஐயா,
மடியில் ஒரு மஞ்சள் பை.
ஜன்னலோரம் மகன் துவாரகன், இருபத்தாறு வயது,
ஜாக்கெட்டைக் கழற்றாமல்.

"ஸுக்ட்" என்றார் டொக்டர்.
"போதைக்கு அடிமை" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, அடிமை.
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
சந்தையில் நிறுத்தி யாரோ
வாங்கிப்போனவன் மாதிரி.
ஜெர்மன் சொல்லோ
"அவன் தேடுகிறான்" என்பதைப் போலவே ஒலிக்கும்.
ஒருமுறை டொக்டரிடம் கேட்டேன்.
இல்லை, அதன் வேர் வேறு,
நோய்வாய்ப்படுதலுக்கான பழைய சொல் என்றார்.
ஐயாவுக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம்.
"எப்ப விடுவான், அதைக் கேளுங்கோ."

டொக்டர் பேனையை வைத்தார்.
விடுவான். திரும்ப எடுப்பான். திரும்ப விடுவான்.
நடுவில் வரும் வசனத்தைத்
தோல்வி என்று எடுக்க வேண்டாம்.
காலையில் பார்மசியில் மெதடோன்,
சர்க்கரைக்காரருக்கு இன்சுலின் போல.

ஐயாவுக்குச் சர்க்கரை இருக்கிறது.
கை தானாக வயிற்றைத் தடவியது,
காலையில் ஊசி போட்ட இடத்தை.

பிறகு பேசினார்.
"இருபத்தொன்பது வருசம் கோப்பை கழுவினனான்.
இப்ப இரவில கரண்டி எண்ணிப்போட்டுப் படுக்கிறன்.
இவன் செத்திருந்தா
எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடிச்சு
அழுது ஓய்ஞ்சிருப்பன்.
இது முடியுதில்லை."

டொக்டர் என்னைப் பார்த்தார்.
நான் ஜெர்மனில் சொன்னேன்:
"தகப்பன் மிகவும் களைத்துப்போனார்."

ஜன்னலோரம் சின்னதாய் ஒரு சிரிப்பு.
அவர் அப்படிச் சொல்லவில்லை என்றான் துவாரகன்,
சுவிஸ் ஜெர்மனில், இந்த ஊர்ப் பிள்ளைகளின் இழுவையில்.
கோப்பையை, கரண்டியை, தன் சாவை
ஒன்றும் விடாமல் டொக்டருக்குக் கொடுத்தான்.
அந்தியேட்டியில் மட்டும் சொல் முட்டி
என்னைப் பார்த்தான்.
என்னிடமும் இல்லை.
பிறகு தமிழில்:
"நீங்க சொன்னதும் சரிதான், அன்ரி."

அறை முழுக்க வறுத்த மல்லி வாசம்.
பையில் என்ன என்று டொக்டர் கேட்டார்.
சைகையே போதும், ஐயா எனக்காகக் காத்திருக்கவில்லை.
"தூள்."

சொல் மேசை நடுவில் கிடந்தது.
கோயில் மண்டபத்தில்,
செருப்பு வைக்கும் இடத்தில்,
"தூள் அடிக்கிறவன்" என்று
இவன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த அதே சொல்.
முதலில் சிரித்தது துவாரகன்தான்.
பிறகு நான்.
கடைசியாக ஐயா, தோள் குலுங்க,
கண்ணாடியைக் கழற்றி.
அது எந்த இடத்தில் அழுகையானது என்று
நான் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தேன்.

டொக்டர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்.
"கறிக்குப் போடுவது" என்றேன்.
விதிப்படி பிழையில்லை.

கீழே மழை. பஸ் தரிப்பில் இருவருக்கும் நடுவே
ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம்.
ஐயா பையை நீட்டினார்.
"இதைப் பிடி, நான் ரிக்கெட் எடுக்கிறன்."
அவன் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்து
சிப்பை இழுத்தான்,
நனையாமல்.
என்னுடைய பஸ் அதற்குள் வந்துவிட்டது.