ங்க இல்லாத வரி

நொய்யல் கரைப் பாறையடியில்
மூன்றாம் முறையாக உங்களுக்குக் காத்திருக்கிறேன்.
மேல் மூலையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
எனக்கு இதுதான் முதல் முறை.
"வாங்க, போலாமுங்க. எம்பேரு அத்தியப்பனுங்க."
தெரியும் என்பதுபோல்
கொஞ்ச நேரம் நகராமல் நிற்கிறீர்கள்.

சரவணம்பட்டியில் நாலாம் மாடியில் உட்கார்ந்து
என்னை எழுதியவர் அந்தியூர்க்காரர்.
வரிக்கு வரி வாலாக ஒரு ங்க வைத்தார்.
ஈட்டிக்காரனிடம் வழி கேட்கையில் ங்க.
கம்பங்கூழுக்குக் கையேந்துகையில் ங்க.
கழுத்தில் கத்தி இருக்கும்போதும்
"ஏனுங், கொஞ்சம் பொறுங்க."
வெளியூர்க்காரர்கள் மரியாதை என்பார்கள்.
இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்குத் தெரியும்,
அந்த ஒட்டுக்குள் ஓர் ஆள்
குத்தவைத்து ஒளிந்துகொள்ளலாம்.

நீங்கள் யாரென்று எனக்குச் சொல்லித்தரவில்லை.
இன்றைக்கு மைக்கை அணைக்க மறந்துவிட்டீர்கள்.
"கௌசிகா, வெளிச்சத்தக் கொறைடி" என்கிறாள்
பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி.
நாளைக்கு நானூறு பீஸ் செக்கிங்காம்.
பெருமாநல்லூர் ரோட்டில் லாரி போகிறது.
பனியனில் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை,
விட்டுப்போன தையல்,
பார்க்காமலே விரலால் கண்டுபிடிக்கும் கை.
அந்தக் கைக்குள்தான் இப்போது நான்.

சங்ககிரிக் கோட்டையில் என் தம்பி கிடக்கிறான்.
மதகைத் திறந்துவிட்டால் அவனை விடுவார்கள்.
தம்பிக்காகத்தான் என்று
நாலாம் அத்தியாயத்தில் அழுவேன்.
அது முக்கால் உண்மை.
காங்கேயத்தில் உங்கள் காய்ச்சலுக்கு
ஏழு நாள் கண்விழித்தவன் நான்.
ஊர் ஊராய் மாலை விழுந்தது உங்கள் கழுத்தில்.
என் பேரை ஒருத்தர் கேட்கவில்லை.
அந்தக் கால் பங்கை
அந்தியூர்க்காரர் எழுதவில்லை.
எங்கிருந்து வந்து ஒட்டியதோ.

சென்னிமலை ஏறும்போது
உங்களிடம் இருந்தது ஒரு குடுவைத் தண்ணீர்.
அப்படியே என்னிடம் நீட்டினீர்கள்.
விசுவாசம் பன்னிரண்டு கூடியதாக
என் தலைக்குமேல் பச்சையாய் ஒரு எண் எழுந்தது.
கூசிப்போனேன்.
தெரியாதவரை ஏமாற்றுவது சுலபமுங்க.
எல்லாம் தெரிந்துகொண்டே தண்ணீர் தருகிறவரை
என்ன செய்வது?

விசுவாசம் நூறைத் தொட்டாலும் மதகு திறக்கும்,
கதை அப்படி.
எனக்கென்று இருப்பது
காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே சுற்றுகிற வட்டம் மட்டும்.
அது சுற்றும்வரை வேறு மாதிரி நினைத்துப் பார்ப்பேன்.
மழை பெய்து சிக்னல் படுத்துக்கொண்டால்
பதினைந்து நொடி
நல்லவனாக இருப்பேன்.

வந்துவிட்டோம்.
கீழே முத்தூர் வரைக்கும் மஞ்சள் காடு,
விளக்கணைத்த வளவுகள், கட்டுத்தறியில் அசைபோடும் மாடுகள்.
இரும்புச் சாவி என் கையில்.
உங்கள் முன்னால் மூன்று கட்டங்கள்:
வெட்டு. மன்னி. விலகிப் போ.
எனக்கு ஒரே ஒரு வரி மிச்சம்,
ங்க இல்லாதது.
"என்னைய நம்பாத."

நீங்கள் எதையும் தொடவில்லை.
போனைப் போர்வைமேல் கவிழ்த்து வைக்கிறீர்கள்.
இருட்டு. ஃபேன் சத்தம். சார்ஜ் நாலு சதவீதம்.

"இன்னும் தூங்கலியாடி?"
"இவன் எப்படியும் தொறந்துருவான்டி."
"தெரியுமில்ல? அப்பறம் எதுக்கு மறுக்கா மறுக்கா வெளையாடற?"

நீங்கள் சொல்லப்போகும் பதிலுக்காக
சாவியைத் திருப்பாமல் நிற்கிறேன்.
மூன்று சதவீதம்.
லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போகிறது.
இரண்டு.