எண்ணூற்று நாற்பதில் முந்நூற்றுப் பன்னிரண்டு

ஜார்ஜியாவிலிருந்து ஐந்தே பெட்டி.
பிரெஞ்சுச் சரக்கு லாரி லாரியாக இறங்கும்
ராஸ் அல் கைமா கிடங்கில்
வழி தெரியாமல் வந்த விருந்தாளிபோல்
ஒரு ஓரமாய் நின்றன.
அறுபது பாட்டிலில் ஒன்று உடைந்திருந்தது.
ஐம்பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

லேபிளில் எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள்:
840-ல் 301, 840-ல் 302...
எங்கோ ஒரு மலையடிவாரத்தில்
யாரோ உட்கார்ந்து ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார்.
முந்நூற்றுப் பதினாறு வரை நீல மை,
பதினேழிலிருந்து கறுப்பு.
நடுவில் பேனா தீர்ந்திருக்கலாம்.
சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்.

மேனேஜர் டோனி கூரி
பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
உள்ளே கலங்கல்.
அவர் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொன்னது
தமிழில் ஒரே சொல்: தேறாது.

கலங்கியது தெளிந்தால் தேறல்.
ஒன்பதாம் வகுப்பில், நான் தேறாத வருடம்,
மனப்பாடம் செய்த சொற்பொருள்.

கீழ்த் தட்டு. ரம் அரைப் பாட்டில்களுக்குப் பக்கத்தில்.
பெயரைச் சொல்லவராத எதையும்
யாரும் கேட்டு வாங்குவதில்லை.
விரலால் காட்டக்கூட வெட்கப்படுவார்கள்.
எட்டு மாதத்தில் போனது நாலு;
அதில் ஒன்று திரும்பி வந்தது, கெட்டுப்போனதென்று.

வினைதீர்த்தான் டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பிரிவு.
மாதம் இரண்டு வியாழன்,
அறைக்காரர்கள் மூவர் காசு சேர்த்து ஒரு ரம்.
அன்று ரம்முக்குக் குனிந்தவன் நிமிரவில்லை.
லேபிளில் கழுத்துவரை மண்ணில் புதைந்த ஜாடி.

‘இது எவ்ளோ பெருசுண்ணே?’
‘ஆள் உள்ளே இறங்கிக் கழுவுவாங்களாம்.
தோல், கொட்டை, காம்பு எல்லாத்தோடயும் போட்டு
ஆறு மாசம் மூடிவைப்பாங்க.’
‘உள்பக்கம் ஏதாச்சும் பூசுவாங்களா?’
துண்டுச்சீட்டைப் புரட்டினேன். தேன்மெழுகு.
‘அதானே. பூசலன்னா
மண்ணே குடிச்சிரும்.’

நூற்றுப் பதினெட்டு திர்ஹாம்.
ரம்மைத் தட்டில் திரும்ப வைத்தான்.
வெளியே நின்ற இருவரும் அவனைத் திட்டியது
கண்ணாடி வழியே கேட்காமல் தெரிந்தது.

மறுநாள் என்னையும் கூப்பிட்டான்.
இரட்டைக் கட்டில்களுக்கு நடுவே
அட்டைப்பெட்டி மேஜை, பேப்பர் கப்.
ஊற்றினால் ஆறிப்போன சுலைமானியின் நிறம்.
‘எலுமிச்சை பிழியலாமா?’ என்றான் ஒருவன்.
இன்னொருவன் ஒரு வாய் குடித்துவிட்டு
பிரியாணிக்குத் திரும்பினான்.

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை.
பிறகு நாக்கின் இரு ஓரமும் இழுத்துப் பிடித்தது,
நாவல் பழம் தின்றுவிட்டுப்
பேச முயல்வதுபோல்.
துண்டுச்சீட்டில் இதற்குப் பதினோரு சொற்கள்.
ஒன்றிலும் இல்லை, ஆறு சுவையில்
நாம் கடைசியாய் நினைத்துப் பார்க்கும் துவர்ப்பு.
வினைதீர்த்தான் கப்பை முகர்ந்துகொண்டே இருந்தான்.
மழை பெய்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது இங்கே.
குடித்து முடித்து, வெகுநேரம் கழித்து,
‘பரவால்ல. தேறும்’ என்றான்.
சூளையிலிருந்து ஓரம் நெளிந்து வரும் டைல்ஸையும்
அப்படிச் சொல்லித்தான் அனுப்புவானாம்.

காலிப் பாட்டிலைக் கழுவி
தண்ணீர் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தார்கள்.
840-ல் 312. நீல மை.

இரண்டாம் ஆர்டர் போடவில்லை டோனி.
கணக்கில் ஐம்பத்தைந்து.
தட்டில் எண்ணினால் ஐம்பத்துமூன்றுதான் வரும்.
316-ம் 317-ம்
துடைப்பம் வைக்கும் அலமாரியில் இருக்கின்றன,
ஒன்றையொன்று தொட்டபடி.
யாராவது கேட்டால்
உடைந்ததில் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.