இருபதாம் பங்கு

பள்ளத்தூர்ப் பெரிய வீட்டுக்குப்
பத்தொன்பது பங்கு, ஒரே சாவி.
அது என் இடுப்பில்.
முழங்கைக்கு முக்கால் நீளம்;
குனிந்தால் விலாவில் குத்தும்.

மாசி நாலாம் தேதி
கூட்டிப் பெருக்கப் போனேன்.
சாவி நுழையவில்லை.
துவாரம் நிறைய செம்மண்,
கொத்தனார் கட்டைவிரலால் அழுத்தியது மாதிரி.

குச்சி எடுத்தேன். அப்போதுதான் வந்தது:
கறுத்த உடம்பு,
இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல்,
வாயில் என் வெண்டைப் பாத்தியின் ஈரமண்.
கடைசிப் பூச்சு பாக்கி போல.
என் பக்கம் திரும்பவே இல்லை.

குச்சியைப் போட்டேன்.

அடுத்த அறை ஜன்னல் கொக்கித் துளையில்.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
கூரையிலிருந்து ஒற்றை இழையில்
தொங்கிக்கொண்டிருந்தது முட்டை.
உள்ளே முகப்பில் சரவிளக்குக் கொக்கிகள்
வெறுமனே தொங்குகின்றன.
விளக்கு விற்று வெகுநாளாயிற்று.

பிறகு புழு.
வெண்டையிலையைச் சுருட்டிக்கொண்டு
உள்ளே படுத்துத் தின்னும் பச்சைப் புழு.
சுருளைக் கடித்துக் கிழித்து
வெளியே இழுத்து
ஒரு கொட்டு.
சாகாது. தொட்டால் வால் மட்டும் நெளியும்.
ஏழு எண்ணினேன்.
எட்டாவது வாய் தவறிக் கீழே விழுந்தது.
அதைத் தேடவில்லை; எறும்புக்குப் போயிற்று.

ராணி இல்லை, கூட்டம் இல்லை,
பாகப் பத்திரம் இல்லை.
பிள்ளை முகம்கூடப் பார்க்காது.
மண்ணைப் பூசும், போய்விடும்.

"குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ள பொறக்கும்,
போதும்பொண்ணு" என்றாள் பால் ஊற்றும் செவத்தி.
எந்த வீட்டில்?
பத்து வருஷமாய் இங்கே
வௌவால்தான் குட்டி போடுகிறது.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து
அடைக்கப்பன் வந்தார், ஏழாம் பங்கு,
நிலைக்கதவுக்கு விலை பேச ஆளோடு.
"பூட்டு மக்கர் பண்ணுது. பின்கட்டு வழியா வாங்க."
சொந்த வீட்டுக்குள்
செருப்பைக் கையில் பிடித்து
வெண்டை வரப்பில் நடந்தார்.
"பூச்சி மருந்துக்குப் பணம் அனுப்பினேனே?"
பாட்டில் மூடி திறக்காமல் மாடத்தில் இருந்தது.
"இலையப் பாருங்க."
பார்த்தார். இரண்டைப் புரட்டியும் பார்த்தார்.
ஒரு பை காய் பறித்துக்கொண்டார்.

முன்வாசலில் விலைக்காரர்
துவாரத்தை நகத்தால் சுரண்டப் போனார்.
"கொட்டும்!" என்றேன்.
பொய். கையால் பிடித்து நசுக்கினாலொழிய
இந்தச் சாதி யார் வம்புக்கும் வராது.
கை பின்னால் போயிற்று.
கதவுக்கு இன்னும்
பதினெட்டுக் கையெழுத்து வேண்டுமாம்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள்.
நம்பித்தான் வளர்ந்தேன்.
ஆகவில்லை; தின்னப்பட்டது.
ஆனாலும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.
காலையில் தின்ற சோறு
இப்போது படியேறிக்கொண்டிருக்கிறதே,
என் காலாக.

மாசி முடியும் முன்
மண்ணில் மிளகு அளவு ஓட்டை.
எப்போது போனதோ, பார்க்கவில்லை.
மிச்சத்தைத் தட்டினேன்:
ஒரு சருகுத் தோல்,
உலர்ந்த புழுத்தலை ஒன்று.
எண்ணெய் விட்டேன். சாவி திரும்பியது.

ஜன்னல் துளை இன்னும் மூடித்தான் இருக்கிறது.
அந்த ஜன்னலைத் துடைப்பதில்லை.