விழுங்கிய பின் ஒரு சொல்

கிரீனக்கில் மழை பெய்கிறது என்று சொல்வது
மீனுக்குச் செதில் இருக்கிறது என்று சொல்வது போல.
ஆகவே மழையை விடுகிறேன்.
காலை ஒன்பதேகால். மருந்துக்கடை.
ஷாம்பூ அடுக்குக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவே
ஒரு மறைப்புத் தட்டி. பின்னால் நான்.
அங்கே நிற்பது யாரென்று ஊருக்கே தெரியும்.
தெரியாதது போல் போவார்கள், ஷாம்பூவின் விலையைப்
படித்துக்கொண்டே.

பிளாஸ்டிக் குவளையில் அறுபது மில்லி மெத்தடோன்.
பச்சை. பாத்திரம் கழுவும் திரவத்தின் பச்சை.
குடித்ததும் ஒரு வாய் தண்ணீர்.
பிறகு பேச வேண்டும்.
வாய்க்குள் அடக்கிக்கொண்டு போய்
வெளியே துப்பி விற்பவர்கள் உண்டு
(நானும் விற்றிருக்கிறேன், ஒரு தடவை, பத்து பவுண்டுக்கு).
நிறைந்த வாய் பேசாது அல்லவா?
அதனால் ஒரு கேள்வி கேட்பார்கள்.

கேட்பவள் எய்லி லாமண்ட்.
என் வயதுதான், இருபத்து நாலு.
நாலாம் வகுப்பில் என் கணக்கைப் பார்த்து எழுதியவள்.
இப்போது அவள் அளந்து ஊற்றுகிறாள்,
நான் குடித்துக் காட்டுகிறேன்.
முதல் நாள் இருவருக்குமே வார்த்தை வரவில்லை.
"வெளியே குளிரா?" என்றாள்.
"ம்" என்றேன்.
அது செல்லாதாம். வாயைத் திறக்காமலே
சொல்லிவிடக் கூடியது அது.
"குளிர்" என்றேன்.

அப்படித்தான், நாளைக்கு ஒரு கேள்வி.
என்ன சாப்பிட்டாய்? ரொட்டி.
துறையில் கப்பல் நிற்கிறதா? ரெண்டு.
வெளியே அந்த நாய் யாருடையது? தெரியாது,
பாலத்திலிருந்து பின்னாலேயே வந்தது.
நாலாம் வகுப்பு டீச்சர் பேர்?
மிஸ் ஆர்பக்கிள்.
சிரித்துவிட்டாள். வரிசையில் யாரோ இருமினார்கள்.

நூற்றுப் பதினெட்டு நாளில் பேசியதை எழுதினால்
இரண்டு பக்கம் வராது.
ஆனாலும் மூன்று வருஷமாக அம்மாவிடம் பேசியதைவிட அதிகம்.
அம்மாவிடம் எல்லாவற்றையும்
மென்று விழுங்கித்தான் பழக்கம்:
மோதிரம் எங்கே, வாடகைப் பணம் எங்கே,
கையில் என்னடா காயம்.

பிறகு டெவ்லின் செத்தான்.
குளியலறையில், குழாயை மூடாமல்.
கூரை ஒழுகுகிறதென்று
கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து
கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது.
அடக்கத்துக்குப் போனேன்.
அங்கிருந்து எங்கே போனேன் என்று கேட்காதீர்கள்.
மூன்று நாள்.

நான்காம் நாள் எய்லி கணினியைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
மூன்று நாள் விட்டுப்போனால் ஊற்றக் கூடாது.
உடம்பு மறந்திருக்கும். நேற்றுவரை தாங்கிய அளவே
இன்று கொன்றுவிடும்.
மறுபடி டாக்டர், மறுபடி சிறுநீர்ப் புட்டி, மறுபடி முப்பது.
"தர முடியாது, லாக்லன்."
கெட்ட வார்த்தை வந்தது, வாய் நிறைய.
ஷாம்பூ ஒன்று தரையில் உருண்டது.
தட்டினேனா, தானாக விழுந்ததா,
காமிராவுக்குத் தெரியும்.

வாசலுக்கே போய்விட்டேன்.
பின்னாலிருந்து கேட்டாள்,
கையில் குவளை இல்லை, தண்ணீர் இல்லை,
கேட்கச் சொல்லி எந்த விதியும் இல்லை:
"அடக்கத்துக்கு யார் யார் வந்திருந்தார்கள்?"

அவன் அக்கா, என்றேன்.
அக்காவின் கைக்குழந்தை.
மீன் கிடங்கில் கூட வேலை பார்த்த ரெண்டு பேர்,
ரப்பர் பூட்ஸோடு, நேரே ஷிப்ட் முடிந்து.
சொல்லிக்கொண்டே இருந்தேன்.
மருந்துச் சீட்டோடு ஒரு பெண்மணி நின்றாள்.
நின்றுகொண்டே இருந்தாள்.

இப்போது நாற்பத்தைந்து மில்லி.
ஞாயிறு கடை கிடையாது.
சனிக்கிழமையே ஒரு சிறு புட்டியைக்
கையில் கொடுத்தனுப்புவார்கள், நம்பி.
குழந்தைகள் திறந்துவிடாதபடி செய்த மூடி,
அழுத்தித் திருக வேண்டும்.
நடுங்கும் கைக்கும் திறப்பதில்லை.
மூன்றாவது தடவை திறந்தது.
குடித்தேன். தண்ணீர் ஒரு வாய்.
அறையில் கெட்டிலைத் தவிர ஒருவருமில்லை.
கீழே தெருவில் அந்த நாய்,
நனைந்துகொண்டு.
ஜன்னலைத் தள்ளித் திறந்து
"யாருடா நீ?" என்றேன்,
சத்தமாக.